எத்தனால்: எந்த வயலிலிருந்து, என்ன விலைக்கு?

பிரேசிலில் பெட்ரோல் பங்க்குக்குள் காரை விடுபவர் முதலில் பார்ப்பது விலைப் பலகையைத்தான். பெட்ரோலுக்கு ஒரு விலை, கரும்பிலிருந்தோ தானியத்திலிருந்தோ காய்ச்சும் ஆல்கஹாலான எத்தனாலுக்கு ஒரு விலை. எத்தனால் விலையைப் பெட்ரோல் விலையால் வகுப்பார். விடை 0.7க்குக் கீழே வந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். அவர் ஓட்டுவது 'ஃப்ளெக்ஸ்' கார், இரண்டில் எதைப் போட்டாலும், இரண்டையும் கலந்து போட்டாலும் ஓடும். ஒரு லிட்டர் எத்தனாலில் கிடைக்கும் மைலேஜ் பெட்ரோலில் கிடைப்பதில் சுமார் 70 சதவீதம்தான் என்பதை அங்கே யாரும் மூடி மறைப்பதில்லை. மறைக்காததால்தான் அந்த எரிபொருள் அங்கே நிலைத்தது என்பது என் கணிப்பு.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நடந்தது வேறு. பங்க்குகளில் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஏறக்குறைய எங்கும் வந்துவிட்ட பிறகு சண்டை வெடித்தது. மைலேஜ் இறங்குகிறது, ரப்பர் குழாய்கள் கெடுகின்றன என்று வண்டிக்காரர்கள் புகார் சொல்ல, பெட்ரோலிய அமைச்சகம் அடுத்தடுத்து விளக்கம் கொடுத்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. எத்தனால் நல்லதா கெட்டதா என்பதிலேயே இரு தரப்பும் நின்றுவிட்டன. அப்படிக் கேட்டால் பதில் வராது. எதிலிருந்து காய்ச்சியது, எந்த எஞ்சினுக்குள் போகிறது, லிட்டர் என்ன விலை என்ற மூன்றும் தெரிந்தால்தான் எத்தனாலுக்காக வாதாடவும் முடியும், எதிர்க்கவும் முடியும்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது

முதலில் எத்தனாலுக்குச் சாதகமானதைச் சொல்லிவிடலாம். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, ஸ்பார்க் பிளக் பொறியில் எழுந்த தீ வந்து சேரும் முன்பே அழுத்தத்தில் தானாக வெடித்தால் எஞ்சின் தட்டும். மெக்கானிக் 'நாக்கிங்' என்பது இதைத்தான். அதைத் தாங்கும் திறனை ஆக்டேன் எண்ணால் அளக்கிறார்கள். நம் பங்க்கில் வெகுகாலம் கிடைத்த சாதாரண பெட்ரோல் 91. தூய எத்தனால் 108ஐ ஒட்டி வரும். அது ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் சிலிண்டருக்குள் போகும் காற்றும் குளிர்கிறது. அதிக அழுத்தத்தில் இயங்கும் எஞ்சினுக்கு இதைவிட நல்ல எரிபொருள் கிடைப்பது கடினம். பந்தயக் கார்க்காரர்கள் இதை எப்போதோ தெரிந்துகொண்டார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் கார் கம்பெனிகளுக்கும் தெரிந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி நாக்கிங்குக்கு மருந்து தேடியபோது ஆல்கஹாலும் அவர் பட்டியலில் இருந்தது. 1921 டிசம்பரில் அவர் கையில் டெட்ராஎத்தில் ஈயம் சிக்கியது. அதைத் துளிக் கணக்கில் கலந்தால் போதும், காப்புரிமையும் எடுக்கலாம். யார் வேண்டுமானாலும் காய்ச்சக்கூடிய சாராயத்துக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. அதற்குப் பிறகு பல தலைமுறைகள் ஈயப் புகையைச் சுவாசித்தன. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000இல். கடைசி நாடான அல்ஜீரியாவில் நின்றது 2021இல். ஈயத்துக்கு மாற்றாக அமெரிக்காவில் கலந்த எம்.டி.பி.இ. என்ற ரசாயனம் கலிஃபோர்னியாவில் நிலத்தடி நீரைக் கெடுத்தது. அதன் பிறகுதான் எத்தனாலுக்கு அங்கே பெரிய சந்தை திறந்தது. ஈயத்தையும், ஆக்டேனுக்காகப் பெட்ரோலில் சேரும் பென்சீனையும் விட எத்தனால் பாதுகாப்பான ஆக்டேன் மருந்து என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி பாதகம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. எத்தனாலில் 21தான். இ20இல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்பதால், கணக்குப்படி லிட்டருக்கு 7 சதவீதம் ஆற்றல் குறையும். 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட வழிகாட்டி அறிக்கையே இதை ஒப்புக்கொள்கிறது. கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, இ10க்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் எரிபொருள் திறன் குறையும் என்கிறது. இ10க்கு வடிவமைத்து இ20க்குச் சரிசெய்த கார்களில் இழப்பு 1 முதல் 2 சதவீதம்தான். கூடுதல் ஆக்டேனைப் பயன்படுத்தும் வகையில் எஞ்சினை அமைத்தால் இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம் என்பதே இதன் பொருள். 2012 மாடல் கார் வைத்திருப்பவருக்கு அந்தக் கூடுதல் ஆக்டேன் கிடைத்தும் பயனில்லை. அவர் எஞ்சினுக்கு அதை எடுத்துக்கொள்ளத் தெரியாது.

பழைய பைக்குகளில் இன்னொரு சங்கதி. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன்தான். எனவே எரிய வேண்டிய காற்றின் அளவு குறைவு: ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பி.எஸ்.6 என்ற மாசு விதிப்படி வந்த வண்டிகளில் சைலன்சர் குழாயில் உள்ள சென்சார் இதைக் கவனித்து, இன்ஜெக்டர் தெளிக்கும் அளவைக் கூட்டிவிடும். கார்புரேட்டருக்கு அந்த மூளை இல்லை. ஜெட் என்ற துளையின் அளவு என்னவோ அதுதான் போகும். கலவையில் காற்று கூடி, வண்டி காலையில் கிளம்ப அடம் பிடிக்கும், எஞ்சின் சூடாகும். இதோடு எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டியில் நீர் போதிய அளவு சேர்ந்துவிட்டால் எத்தனாலும் நீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். துரு அங்கிருந்துதான் தொடங்குகிறது. தினமும் ஓடும் வண்டிக்கு இந்தப் பயம் பெரிதாக வேண்டாம்.

பிரேசில் கற்ற பாடம்

1973இல் எண்ணெய் விலை நான்கு மடங்கானபோது பிரேசில் தனக்கு வேண்டிய எண்ணெயில் சுமார் 80 சதவீதத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் உலகச் சர்க்கரை விலை உச்சத்துக்குப் போய்ச் சரிந்தது. ஆலைகள் கரும்போடு திண்டாடின. ராணுவ ஆட்சியாளர் எர்னஸ்டோ கெய்சல் 1975 நவம்பர் 14 அன்று 'ப்ரோஆல்கூல்' திட்டத்தை அறிவித்தார். 1979இல் எத்தனாலில் மட்டுமே ஓடும் ஃபியட் 147 சந்தைக்கு வந்தது. அரசு பங்க் விலையைப் பெட்ரோலுக்குக் கீழே கட்டிப்போட்டு, வரியும் குறைத்தது. 1980களின் நடுவில் அங்கே விற்ற புதுக் கார்களில் 90 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கார்கள்.

பிறகு அடி விழுந்தது. 1986இல் கச்சா எண்ணெய் மலிந்தது, சர்க்கரை விலை ஏறியது. ஆலைக்காரர்கள் எது லாபமோ அதைத்தான் செய்வார்கள். சர்க்கரை பக்கம் சாய்ந்தார்கள். 1989இல் பங்க்குகளில் எத்தனால் இல்லை, கார்கள் வரிசையில் நின்றன. உலகுக்கே கரும்பு எரிபொருளைக் காட்டிய நாடு வெளிநாட்டிலிருந்து ஆல்கஹால் வாங்க வேண்டி வந்தது. எத்தனால் கார் வாங்கியவர்களுக்கு வேறு வழியே இல்லை என்பதுதான் அதில் கொடுமை. 1990களின் இறுதிக்குள் அந்தக் கார்களின் விற்பனை ஏறக்குறைய செத்துப்போனது.

மீட்டது 2003இல் ஃபோக்ஸ்வாகன் கொண்டுவந்த 'கோல் டோட்டல் ஃப்ளெக்ஸ்'. டேங்கில் என்ன கலவை இருக்கிறது என்பதைப் புகையிலுள்ள ஆக்சிஜனை வைத்தே கண்டுபிடிக்கும் மென்பொருள்தான் அதன் புதுமை. ஆலைகள் விலை ஏற்றினால் வாடிக்கையாளர் அன்றே பெட்ரோலுக்கு மாறலாம், இறக்கினால் திரும்பலாம். பேரம் பேசும் அதிகாரம் ஓட்டுநர் கைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே புதுக் கார்களில் பெரும்பான்மை ஃப்ளெக்ஸ் ஆகிவிட்டது. அங்கே பெட்ரோல் என்று விற்பதிலும் கலப்பு கட்டாயம்தான். 2025 ஆகஸ்ட் 1 முதல் 30 சதவீதம். ஆனால் அவர்களுடைய கார்கள் பல பத்தாண்டுகளாக அதற்கென்றே செய்யப்பட்டவை.

பிரேசிலை எடுத்துக்காட்டும் நம் ஆட்கள் ஒன்றைச் சொல்வதில்லை. சாவோ பாலோ மாநிலக் கரும்பு பெரும்பாலும் வானம் பார்த்த பயிர். மழையிலேயே விளைகிறது. ஆலையை ஓட்டும் நீராவியும் மின்சாரமும் கரும்புச் சக்கையிலிருந்து வருகின்றன. மிஞ்சும் மின்சாரம் வெளியே விற்பனைக்குப் போகிறது. அதனால்தான் செலவழிக்கும் ஒரு பங்கு புதைபடிவ ஆற்றலுக்கு எட்டு பங்கு வரை திரும்பக் கிடைக்கிறது என்கிறார்கள். அமெரிக்க மக்காச்சோள எத்தனாலில் இந்த விகிதம் இரண்டைத் தொடுவதே பெரும்பாடு. அங்கே உரத்துக்கும் காய்ச்சுவதற்கும் இயற்கை எரிவாயு செலவாகிறது. புது நிலம் உழப்படுவதையும் சேர்த்தால் அந்த எத்தனால் பெட்ரோலைவிட நல்லதில்லை, கரியமில வாயு 24 சதவீதம் கூடுதலாகவும் இருக்கலாம் என்று அமெரிக்க அறிவியல் கழக இதழில் 2022இல் வந்த ஆய்வு சொன்னது. எத்தனால் தரப்பினர் அதை ஏற்கவில்லை. விவாதம் ஓயவில்லை.

பாகு, சாறு, குருணை

நம் ஊர் சர்க்கரை ஆலைக்கு வருவோம். கரும்புச் சாற்றை மூன்று முறை காய்ச்சிச் சர்க்கரையைப் பிரிப்பார்கள். மூன்றாவது முறைக்குப் பின் மிஞ்சும் கறுத்த, கெட்டியான பாகில் இனிச் சர்க்கரை எடுத்தால் கட்டுப்படியாகாது. ஆலையில் இதை 'சி-ஹெவி' மொலாசஸ் என்பார்கள். இரண்டாவது சுற்றோடு நிறுத்தினால் 'பி-ஹெவி', அதில் இனிப்பு அதிகம், எத்தனாலும் அதிகம். சாற்றையே நேரே நொதிக்க வைத்தால் ஒரு டன் கரும்புக்குச் சுமார் 70 லிட்டர் எத்தனால், சர்க்கரை கிடையாது. சி-ஹெவி வழியில் போனால் ஒரு டன்னுக்கு 10 லிட்டரைச் சற்றுத் தாண்டும், ஆனால் 100 கிலோ சர்க்கரையும் கையில் இருக்கும்.

பாகில் நீர் சேர்த்து ஈஸ்ட் போட்டால் ஒன்றிரண்டு நாளில் 10 சதவீதத்தை ஒட்டிய சாராயம். காய்ச்சி வடித்தால் 95 சதவீதம் வரை ஏறும். அதற்கு மேல் எத்தனை முறை வடித்தாலும் நீரும் ஆல்கஹாலும் ஒன்றாகவே ஆவியாகும். கடைசிச் சொட்டு நீரை நீக்க, நீர் மூலக்கூறை மட்டும் பிடித்து வைக்கும் நுண்துளைக் குருணைகள் நிரம்பிய கலனுக்குள் ஆவியைச் செலுத்துகிறார்கள். பெட்ரோலோடு கலக்க 99.5 சதவீதத்துக்கு மேல் தூய்மை வேண்டும். தனியாக விற்கும் பிரேசில் எத்தனாலுக்கு இந்தக் கடைசிப் படியே தேவையில்லை, அதில் நீர் இருந்தபடியே ஓடும். ஒரு லிட்டர் எத்தனால் வடித்தால் மொலாசஸ் ஆலையில் 8 முதல் 15 லிட்டர் வரை கருநிறக் கழிவுநீர் வரும். அதைக் கெட்டியாக்கி கொதிகலனில் எரித்து, சாம்பலைப் பொட்டாஷ் உரமாக விற்பது இப்போது வழக்கம். டாஸ்மாக் கடைக்குப் போகும் சரக்கின் மூலப்பொருளும் இதே வகைச் சாராயம்தான் என்பது இந்த வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

சி-ஹெவி பாகிலிருந்து வரும் எத்தனாலை எதிர்க்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சர்க்கரைக்காக விளைந்த கரும்பு, அதில் மிஞ்சியது எரிபொருள். சாறு அப்படியில்லை. சர்க்கரை வழியாகக் கணக்கிட்டால் ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. மகாராஷ்டிரத்தின் மராத்வாடாவிலும் தமிழ்நாட்டிலும் அந்தத் தண்ணீர் வாய்க்காலிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ வர வேண்டும். மழை குறைந்த 2023இல் என்ன ஆயிற்று? டிசம்பரில் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை அரசே கட்டுப்படுத்தியது. அடுத்த ஆகஸ்டில்தான் தடை விலகியது.

எனவே சுமை தானியத்தின் மேல் போனது. ஒரு டன் மக்காச்சோளத்தில் 380 லிட்டர், அரிசியில் 450 லிட்டர் எத்தனால் கிடைக்கும். மக்காச்சோளம் நாமக்கல்லுக்கு மிக நெருக்கமான பண்டம். முட்டைக் கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் அதுதான். எத்தனால் ஆலைகள் வாங்கத் தொடங்கியதும் விலை ஏற, பண்ணைக்காரர்கள் இறக்குமதிக்கு அனுமதி கேட்டார்கள். மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கியது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போய் தானியத்தை இறக்குமதி செய்தது விந்தைதான். இன்னொரு பக்கம், மானாவாரியில் மக்காச்சோளம் போடும் பெரம்பலூர், அரியலூர் விவசாயிக்கு நல்ல விலை கிடைப்பதில் என்ன குற்றம்? குற்றமில்லை. ஆனால் அந்த விலையும் உறுதியில்லை. 2025 இறுதியில் அமோக விளைச்சலில் விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்ற ஆதார விலைக்குக் கீழே விழுந்து, கர்நாடக விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஆலைகளுக்கு மலிவு விலையில் அரசு அரிசி கிடைத்ததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

அந்த அரிசிக் கதை தனி. 2025 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் எத்தனால் ஆலைகளுக்கு வைத்த விலை கிலோ 22.50 ரூபாய். அந்த அரிசியைக் கொள்முதல் செய்து, ஏற்றி, கிடங்கில் வைத்திருக்க அரசுக்கு ஆகும் செலவு கிலோவுக்கு 40 ரூபாயை ஒட்டி. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2.2 கிலோ அரிசி வேண்டும். அப்படியானால் லிட்டருக்கு 35 ரூபாய்க்கு மேல் மறைமுக மானியம். 40 லிட்டர் டேங்கை இ20 போட்டு நிரப்பினால் அதில் 8 லிட்டர் எத்தனால். அத்தனையும் அரிசியிலிருந்து வந்தது என்றால் சுமார் 18 கிலோ, ஒரு சிறு குடும்பத்தின் மாத ரேஷன். கிடங்குகளில் தேவைக்கு மேல் அரிசி குவிந்து கிடந்தது உண்மை. உபரியை ஒரு வருடம் இப்படித் தீர்ப்பதற்கும், உபரி வந்துகொண்டே இருக்கும் என்று நம்பி ஆலை கட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

வைக்கோல், மூங்கில் போன்றவற்றிலிருந்து எத்தனால் எடுக்கும் இரண்டாம் தலைமுறை ஆலைகள் இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தவை. பானிப்பட்டில் இந்தியன் ஆயிலின் வைக்கோல் ஆலை 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் திறன் ஆண்டுக்கு 3 கோடி லிட்டர். நாட்டின் தேவை ஆயிரம் கோடி லிட்டர். இதைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்.

விலை ஏன் குறையவில்லை

வண்டிக்காரர்களின் கோபத்தில் நியாயமான பகுதி இதுதான்: மைலேஜ் குறைகிறது என்றால் லிட்டர் விலையும் குறைய வேண்டாமா?

2024-25 ஆண்டில் எண்ணெய் நிறுவனங்கள் எத்தனாலை வாங்கிய சராசரி விலை, போக்குவரத்தும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து, லிட்டருக்குச் சுமார் 71 ரூபாய். அதே காலத்தில் டெல்லியில் 94.77 ரூபாய்க்கு விற்ற பெட்ரோலில் வரிகளையும் டீலர் கமிஷனையும் கழித்தால் மிஞ்சுவது 53 ரூபாய் அளவில். அதாவது எத்தனால் பெட்ரோலைவிட விலை கூடிய சரக்கு. ஆற்றல் கணக்கில் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. நிதி ஆயோக் 2021இல் கலப்புப் பெட்ரோலைக் குறைந்த விலைக்கு விற்பது பற்றிப் பேசியபோது எத்தனால் மலிவாக இருந்தது, நிலைமை மாறிவிட்டது என்று அமைச்சகமே விளக்கியது.

2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் 183 பங்க்குகளில் 'எத்தனால் 100' என்ற எரிபொருளை இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்தியது. 2025இல் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி இருந்தபோது, பிரேசில் கணக்குப்படி எத்தனால் 70 ரூபாய்க்குக் கீழே விற்றிருந்தால்தான் ஓட்டுபவருக்குக் கட்டியிருக்கும். கொள்முதல் விலையே 71. வரி ஒரு பைசாகூட வாங்காவிட்டாலும் தேறாது. கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டும் காலத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகலாம்.

அரசுத் தரப்பின் பதிலுக்கும் எடை உண்டு. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு, 2014 முதல் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தியதாகச் சொல்கிறது. ஆலைகளிடம் பணம் புரண்டதால் கரும்பு நிலுவைத் தொகைகளும் பல மாநிலங்களில் குறைந்தன. கூடுதல் விலை கொடுத்தாலும் பணம் உள்ளூரிலேயே தங்குகிறது. இது ஒரு காப்பீட்டுத் தவணை என்று சொல்லியிருந்தால் பலர் ஏற்றிருப்பார்கள். மைலேஜ் இழப்பு சொற்பம் என்று சொல்லி நழுவியதுதான் நம்பிக்கையைக் கெடுத்தது.

ஓர் ஏக்கர் கணக்கு

எத்தனாலை மின்சாரத்தோடு ஒப்பிடும்போது கணக்கு கடுமையாகிறது. ஓர் ஏக்கரில் 40 டன் கரும்பு, முழுச் சாற்றையும் எத்தனாலாக்கினால் 2,800 லிட்டர். பெட்ரோலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் இதில் 10 ஓடும் என்று வைத்தால் ஆண்டுக்கு 28,000 கிலோமீட்டர். அதே ஏக்கரில் சூரியத் தகடுகள் வைத்தால் தமிழ்நாட்டு வெயிலில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் யூனிட்டுக்கு மேல் எடுக்கலாம். மின்சாரக் கார் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடினால் 20 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். வழியில் பாதி இழப்பு என்றாலும் ஒப்பீடு மாறாது. நீர்ச் செலவு வேறு.

ஆனால் சாலையில் ஏற்கெனவே ஓடும் கோடிக்கணக்கான பெட்ரோல் வண்டிகள் நாளைக்கே மின்சாரத்துக்கு மாறாது. அவற்றுக்குள் ஈயமும் கூடுதல் பென்சீனும் இல்லாத ஆக்டேன் வேண்டும், இறக்குமதியும் குறைய வேண்டும். அந்த அளவுக்கு எத்தனாலுக்கு வேலை இருக்கிறது. பாகு, கெட்டுப்போன தானியம் ஆகியவை தரும் அளவோடு நிறுத்துவது, பழைய வண்டிகளுக்கு இ10 ஒரு குழாயில் கிடைக்கச் செய்வது, கலப்பு விகிதத்தை மழையைப் பார்த்து ஏற்றி இறக்குவது என்றால் நானும் எத்தனால் கட்சிதான். பிரேசில் தன் கலப்பு விகிதத்தைப் பலமுறை ஏற்றியும் இறக்கியும் இருக்கிறது.

இங்கே அழுத்தம் வேறு பக்கமிருந்து வருகிறது. 2018 முதல் வட்டிச் சலுகையோடு ஊரெங்கும் ஆலைகள் எழும்பின. 2025 நவம்பரில் தொடங்கிய எத்தனால் ஆண்டுக்கு எண்ணெய் நிறுவனங்கள் கேட்டது 1,050 கோடி லிட்டர். ஆலைகள் தர முன்வந்தது 1,776 கோடி லிட்டர். மிச்சத் திறனுக்கு வேலை வேண்டும் என்பதால்தான் இ27 பற்றிய பேச்சு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறது. அந்த ஆண்டின் ஒதுக்கீட்டில் மக்காச்சோளம் 46 சதவீதம், உணவுக் கழக அரிசி 22, கரும்புச் சாறு 16, பி-ஹெவி பாகு 10க்குச் சற்று மேல். சி-ஹெவி பாகின் பங்கு 1 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது.